பேப்பரைப் படித்துச் சொல்ல ஒருவர்



கோர்ட் அமீனா வாசலில் வந்து நிற்கிறார். பெயரைக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு சம்மனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த வீட்டில் அதற்கப்புறம் என்ன நடக்கும்?

சொந்தத்தில் ஒரு வக்கீல் இருக்கிற வீடு என்றால் உடனே போன் போகும். "பயப்படாதீங்க, பேப்பரை எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க" என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அன்றிரவு எல்லோரும் ஓரளவு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அப்படி யாரும் இல்லாத வீட்டில் சம்மன் பீரோவுக்குள் போகும். "பெரியவன் ஊரிலிருந்து வரட்டும், கேட்டுக்கலாம்" என்பார் அம்மா. பெரியவன் பொங்கலுக்கு வருவதற்குள் வாய்தா தேதி எப்போதோ போயிருக்கும். ஆஜராகவில்லை என்று எழுதி, எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பும் ஆகியிருக்கும்.

கோர்ட்டில் எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு உண்டு. சிவில் வழக்கில் சம்மன் கிடைத்தால் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட 30 நாள். செக் திரும்பிய விவகாரத்தில், நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் கிரிமினல் வழக்கே எழாது. இந்த 15 நாள் விஷயம் தெரியாமல், நோட்டீஸைப் பிரிக்கப் பயந்து வைத்திருந்து, பிறகு வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு அலைகிற குடும்பங்கள் எந்த ஊரில் இல்லை?

நியாயம் இல்லாமல் தோற்கிறவர்களைவிட, நாள் தவறித் தோற்கிறவர்கள்தான் அதிகமோ என்று எனக்குத் தோன்றும். அந்தப் பேப்பரை முதல் நாளே படித்து, "அம்மா, இதில் இந்தத் தேதி போட்டிருக்கிறது, இன்னாரைப் போய்ப் பார்க்கணும்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பாதிக் கஷ்டம் வந்திருக்காது. அந்த ஒருவராக நீங்கள் இருக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

"நான் வக்கீல் இல்லையே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வக்கீல்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மற்ற எல்லோரிடமும்.

காசில்லாதவருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது நம் நாட்டில் யாரோ இரக்கப்பட்டுச் செய்கிற காரியம் அல்ல. அது உரிமை. அந்த உரிமை வந்த கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அதன் மதிப்பு புரியும்.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். பாலக்காட்டுக்காரர். சென்னையில் சட்டம் படித்தவர், தலசேரியில் வக்கீலாக இருந்தவர். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் 1952ல் சென்னைச் சட்டமன்றத்துக்கும் சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழைகளுக்கு சட்ட உதவி கிடைக்க என்ன வழி என்று ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1973ல் அறிக்கை கொடுத்தார். 1976ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வசதியின்மையால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது.

எழுதி வைத்தால் மட்டும் ஆகிவிடுமா? 1979 ஜனவரியில் பீகார் சிறைகளைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. விசாரணையே தொடங்காமல் வருஷக் கணக்கில் உள்ளே கிடந்தவர்கள், செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையைவிட அதிக காலம் சிறையில் கழித்தவர்கள் என ஒரு கூட்டமே இருந்தது. ஜாமீன் கேட்க ஆள் இல்லை. கேட்கலாம் என்றே பலருக்குத் தெரியாது.

அந்தச் செய்தியைப் பார்த்து டெல்லி வக்கீல் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவரை யாரும் வக்கீலாக வைக்கவில்லை, யாரும் பீஸ் தரவில்லை. சிறையில் இருந்தவர்களில் ஒருவரான ஹுசைனாரா காத்தூன் பெயரில் அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச சட்ட உதவி கிடைப்பது, உயிருக்கும் சுதந்திரத்துக்குமான அடிப்படை உரிமையிலேயே அடங்கியது என்று அந்த வழக்கில் தீர்ப்பானது. பிறகு 1986ல் சுக் தாஸ் வழக்கு. தனக்கு வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை, அதனால் கொடுக்கவில்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கேட்கத் தெரியாதவர் என்பதால் உரிமை போய்விடாது என்று சொல்லி, அவருக்கு விதித்த தண்டனையை ரத்து செய்தது.

ஒரே ஒரு வக்கீல் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருந்தால்? அதை நினைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

1987ல் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. இன்று ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஓர் அலுவலகம் இருக்கும். மாவட்ட நீதிபதி அதன் தலைவர். செயலாளரும் ஒரு நீதிபதிதான். தாலுகா கோர்ட்டுகளில் வட்ட சட்டப் பணிகள் குழு. கோர்ட்டுக்கே போகத் தயக்கமா? 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

யாருக்குக் கிடைக்கும்? இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ரேஷன் கார்டும் ஓட்டு வீடும் இருக்கிற ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பெண் என்றால் போதும், வருமானமே பார்க்க மாட்டார்கள். குழந்தைகளுக்கும் அப்படித்தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், கடத்தலுக்கோ கொத்தடிமைக் கொடுமைக்கோ ஆளானவர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமான வரம்பு இல்லை. மற்றவர்களுக்குத்தான் வரம்பு. அதற்கும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் பொதுவாகப் போதும். வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கணவர் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு, "என் பேரில் ஒரு ரூபாய் கிடையாது, கோர்ட்டுக்கு எப்படிப் போவேன்" என்று அழுகிற பெண்ணிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள். கணவர் லட்சாதிபதியாகவே இருக்கட்டும், அவளுக்கு வக்கீல் இலவசம். கோர்ட் கட்டணம், தீர்ப்பு நகல் செலவுகூட அவளுடையது இல்லை.

இவ்வளவு ஏற்பாடு இருக்கிறதே, பிறகு ஏன் மக்கள் அலைகிறார்கள்?

அந்த அலுவலகக் கதவுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஆள் இல்லை. அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கோர்ட் என்றாலே கால் நடுங்குகிறது. கறுப்புக் கோட்டைப் பார்த்தால் பேச்சு வரவில்லை. வெளியே நிற்கிற தரகர் "அஞ்சாயிரம் கொடு, நான் முடிச்சுத் தரேன்" என்று தைரியமாகப் பேசுகிறார். அவரிடம் போய்விடுகிறார்கள். வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்.

இந்த இடைவெளிக்காகவே சட்டத் தன்னார்வலர்கள் என்று ஒரு திட்டம் 2009ல் வந்தது. பாரா லீகல் வாலண்டியர் என்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், அரசு ஊழியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவில் இருப்பவர், சமூகப்பணி படிக்கும் மாணவி, சட்டக் கல்லூரி மாணவர் என்று யாரும் வரலாம். பெரிய படிப்பு வேண்டாம், பத்தாவது படித்திருந்தால் நல்லது. பயிற்சி தருவார்கள், அடையாள அட்டை தருவார்கள். வேலை செய்கிற நாளுக்கு ஒரு சிறு மதிப்பூதியம் உண்டு, சம்பளமாக அதை நினைக்க முடியாது. நல்லொழுக்கத்தோடு நீண்ட தண்டனை அனுபவிக்கும் படித்த கைதிகளையும் சிறைக்குள்ளேயே தன்னார்வலராகப் பயிற்றுவிக்கிறார்கள். இந்த ஒரு ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல்முறை போகிறவருக்கு எந்தக் கவுண்ட்டரில் சீட்டு வாங்குவது, எந்த மாடிக்குப் போவது என்று ஒருவர் கைபிடித்துக் காட்டுகிறார் இல்லையா, அந்த வேலைதான் இது. அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

என்னென்ன செய்ய வேண்டி வரும்? பெரும்பாலும் சாதாரண விஷயங்கள். வந்த பேப்பரைப் படித்துச் சொல்வது. தேதியைக் காலண்டரில் குறித்துத் தருவது. மனு எழுதிக் கொடுப்பது. சட்ட உதவி மையத்துக்கு முதல்முறை கூடவே போவது. வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதற்கு 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் என்று ஒன்று இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று வந்துவிடும். இதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான்.

வக்கீலே இல்லாமல் போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ புகார் செய்யக் கட்டணமே கிடையாது. நாமே வாதாடலாம். பெற்ற பிள்ளைகள் கவனிக்காத முதியவர்களுக்கு 2007ல் வந்த சட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரச் சொல்லி உத்தரவு போடலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த வீட்டை, பிள்ளைகள் கைவிட்டுவிட்டால் திரும்பப் பெறவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆனால் எழுபது வயதுப் பாட்டி தன் மகன்மேல் தானே மனு எழுதுவாரா? எழுத்தைவிட மனசுதான் அவருக்குத் தடை. "பெத்த பிள்ளைமேல கேஸ் போட்டா ஊர் என்ன சொல்லும்" என்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் கேட்டு, "ஆத்தா, இது ஜெயிலுக்கு அனுப்புற கேஸ் இல்ல, சோத்துக்கு வழி பண்ணச் சொல்ற மனு" என்று விளக்க யாராவது வேண்டும். முதலில் சமரசம் பேசவே அந்தச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் வகுப்பில் நின்ற ஒரு டீச்சருக்கு இந்தப் பொறுமை இருக்கும்.

இன்னொன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். திருப்பூரிலும் கோவையிலும் சென்னையைச் சுற்றியும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். கூலி பாக்கி, மெஷினில் கை போன விபத்து, ஸ்டேஷன் விசாரணை என்று ஏதாவது வந்தால் அவர்களால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நம் ஊர்களில் ராணுவத்திலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் வங்கியிலிருந்தும் ஓய்வுபெற்று, சரளமாக இந்தி பேசிக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்! வாரத்தில் ஒரு காலை நேரம் அவர்கள் சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்தால் போதும். மும்பையிலும் டெல்லியிலும் நம் பிள்ளைகள் பாஷை தெரியாமல் நின்ற காலம் ஒன்று இருந்ததே. அவர்களுக்கு அங்கே யாரோ உதவத்தானே செய்தார்கள்?

இனி, செய்யக் கூடாதவை. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக் கூடாது. "கேஸ் ஜெயிச்சுடும்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒருவர் வீட்டு விஷயத்தை அடுத்த தெருவில் போய்ப் பேசக் கூடாது. ஒரு ரூபாயோ, ஒரு சீப்பு வாழைப்பழமோகூட வாங்கிக்கொள்ளக் கூடாது. தெரிந்த வக்கீலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அடி வாங்கி வந்த பெண்ணிடம் "அனுசரிச்சுப் போம்மா" என்று நம் பங்குக்குப் பஞ்சாயத்து பண்ணுவது எல்லாவற்றையும்விட மோசம். அவள் கேட்டு வந்தது சட்ட வழி. அதைக் காட்டுவதோடு நம் வேலை முடிகிறது.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோக் அதாலத்தில் சமரசம் ஆனால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், பல வருஷ வழக்கு ஒரே நாளில் முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் முடிவின்மேல் அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எவ்வளவு தொகை, எப்போது தருவார்கள், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். விபத்து இழப்பீட்டு வழக்கில் கணவரை இழந்து வந்திருக்கும் ஒரு பெண், கூட்டத்துக்கு நடுவே, அவசரத்தில், தலையை மட்டும் ஆட்டிவிட்டு வரக் கூடாது. பக்கத்தில் ஒருவர் நின்று "இன்னொரு தடவை சொல்லுங்க சார், அவங்களுக்குப் புரியல" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"இலவச வக்கீல் ஒழுங்காக நடத்துவாரா?" இது நியாயமான சந்தேகம்தான். மறைக்க வேண்டாம். ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல்களுக்கு அரசு தரும் கட்டணம் குறைவு. சிலர் அக்கறையில்லாமல் இருக்கிறார்கள். வாய்தாவுக்கு வராதவர்களும் உண்டு. ஆனால் இரவு பகல் பார்க்காமல் உழைக்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். வக்கீல் சரியில்லை என்றால் செயலாளரிடம் எழுத்தில் சொல்லி மாற்றித் தரக் கேட்கலாம். கட்சிக்காரரிடம் அவர் தனியாகப் பணம் கேட்கக் கூடாது என்பது விதி. இதையெல்லாம் எடுத்துக் கேட்க ஒருவர் கூட இருந்தால் அக்கறை தானாக வரும்.

சரி, வக்கீல் வாசகர்களே, இப்போது உங்களிடம். வசதியில்லாதவருக்கு, தன் பொருளாதார நிலைமைக்கு உட்பட்டு இலவசமாக உதவுவது ஒரு வக்கீல் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. "தன் பொருளாதார நிலைமைக்கு உட்பட்டு" என்பதை நானும் அடிக்கோடிடுகிறேன். சீனியர் ஆபீஸில் பஸ் கட்டணத்துக்கே யோசிக்கிற ஜூனியரிடம் நான் தியாகம் கேட்கவில்லை. ஆனால் பத்து, இருபது வருஷம் நின்று பேர் வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு வழக்கைப் பீஸ் இல்லாமல், பீஸ் வாங்கிய வழக்குக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு நடத்தினால் எத்தனை குடும்பம் பிழைக்கும்?

அதிலும் சிறைப் பக்கம் ஒரு பார்வை வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, இதற்கு முன் தண்டனை பெறாதவர், தன்மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது, பல வழக்குகள் இருந்தாலும் பொருந்தாது. மற்றவர்களுக்கு? கணக்குப் போட்டுப் பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் வேலை. அவர் கவனத்துக்கு வராமல் போனால் எடுத்துச் சொல்ல வெளியே ஒரு வக்கீல் வேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருக்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய அம்மாவோ மனைவியோ எந்த ஊரில் என்ன பாடுபடுகிறாரோ.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் கிளம்பினால் அவருக்காகச் சில விவரங்கள். தன்னார்வலர்களுக்கான அறிவிப்பு எப்போது வரும் என்று உங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலேயே கேளுங்கள். நேர்காணல் இருக்கும். வழக்கு நடத்திக்கொண்டிருக்கும் வக்கீல்களுக்கு இந்தத் தன்னார்வலர் திட்டம் பொருந்தாது, அவர்களுக்குத் தனிப் பட்டியல். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க மனமில்லை என்றால் உங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம். உதவி தேவைப்படுகிறவரை அழைத்துப் போகும்போது சம்மன், நோட்டீஸ், எஃப்.ஐ.ஆர். நகல் என்று கையில் இருக்கும் எல்லாப் பேப்பரையும், அவை வந்த கவரோடு சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கவரில் உள்ள தபால் முத்திரைத் தேதிதான் சில நேரம் வழக்கையே காப்பாற்றும். ஆதார் நகல் ஒன்று இருக்கட்டும். கொடுக்கிற மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஏற்கெனவே இந்தப் பணியில் இருக்கும் வாசகர்கள் உங்கள் அனுபவங்களை, உதவி பெற்றவரின் பெயரும் ஊரும் இல்லாமல், எங்களுக்கு எழுதுங்கள். எது சரியாக நடக்கிறது, எங்கே கதவு திறக்க மறுக்கிறது, இரண்டையும் எழுதுங்கள். வரும் இதழ்களில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்